ஜப்பானில் 92-லேயே எச்டி டிவி இருந்ததா? அப்பாவோடு சண்டை

பாயான்லெப்பாஸ் பையன்:
எங்க அப்பா பிறையில் ஒரு டிவி பாக்டரியில் டெக்னீஷியனா இருந்தவர். 1992-ல் பயிற்சிக்கு ஒசாகா அனுப்பினாங்களாம். அங்கே ஒரு கடைக் கண்ணாடிக்குள்ளே அகல டிவியில் சுமோ ஓடுச்சாம். மல்லன் முதுகில் வேர்வை முத்து ஒவ்வொன்னா எண்ணலாம் போல இருந்துச்சாம். "அதுதான்டா எச்டி" என்கிறார். எச்டின்னாலே டிஜிட்டல்தானே? நம்ம மலேசியாவில் ஆஸ்ட்ரோ சாட்டிலைட் டிவியிலேயே எச்டி 2009 கடைசியில்தான் வந்துச்சு. யார் சொல்றது சரி?

ஜெலுத்தோங் ரிப்பேர்காரர்:
தம்பி, அப்பாவுக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்துடு. அவர் பார்த்தது ஹைவிஷன், ஜப்பான்காரன் எச்டிக்கு வச்ச பேர். காற்றில் வந்தது அனலாக். வந்த சிக்னலைப் படமா மாத்துற டிகோடருக்குள்ளே மட்டும்தான் டிஜிட்டல் வேலை.

ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே இந்த ஆராய்ச்சியில் இறங்கினது 1964-ல், டோக்கியோ ஒலிம்பிக் நடந்த வருஷம். ஒரு படத்துக்குக் குறுக்குக் கோடு 1125. அவங்க பழைய டிவிக்கு 525, நம்ம ஊர் பழைய பால் (PAL) முறை டிவிக்கு 625. 1125-ஐ 625-ஆல் வகுத்தா 9/5, 525-ஆல் வகுத்தா 15/7. ரெண்டு பக்கமும் மாத்திக்கத் தோதான எண்.

ஆனா படத்தை அப்படியே அனுப்பினா இடம் போதாது. மியூஸ் என்ற முறையில் பிழிஞ்சு 8.1 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டு வந்தாங்க. ஜப்பானில் சாதா சேனலுக்கு 6தான், அதிலும் அடங்கலை. அதனால சாட்டிலைட். 1991 நவம்பர் 25-லிருந்து தினம் 8 மணி நேரம் ஓடுச்சு.

பிழிஞ்ச விதம்தான் வேடிக்கை. புள்ளிகளை நாலு தவணையா அனுப்புவான். டிவி சேர்த்து வச்சு ஒரே படமாக்கும். படம் அசையாம இருந்தா கண்ணாடி மாதிரி. அசைஞ்சா தவணைகள் ஒட்டாது, மங்கிடும். உங்க அப்பா பார்த்த மல்லன் அப்போ குந்தியிருந்திருப்பான், பந்தயமே கட்டுறேன்.

பிரிக்பீல்ட்ஸ் வாசி:
அண்ணே, ஐரோப்பாக்காரன் கதையை விட்டுட்டீங்களே. 1986-ல் டுப்ரோவ்னிக்கில் நடந்த உலக ஒளிபரப்புத் தரக் கூட்டத்தில் ஜப்பான் முறையை உலகத்துக்கே தரமாக்கப் பார்த்தாங்க. அவன் ஊர் டிவியில் திரை நொடிக்கு 50 தடவை புதுசாகும், இதில் 60, மாட்டேன்னுட்டான். 625-ஐ ரெட்டிச்சு 1250 கோட்டில் எச்டி-மேக் செஞ்சு, 92 பார்சிலோனா ஒலிம்பிக்கைக் காட்டினான். அதுவும் அனலாக்தான். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1990-ல், அமெரிக்காவில் ஜெனரல் இன்ஸ்ட்ருமெண்ட் கம்பெனி முழு டிஜிட்டல் முறையைக் கொண்டு வந்து வச்சிருச்சு. அனலாக் எச்டிக்கு ஆட்டம் அங்கேயே முடிஞ்சது. அமெரிக்க ஒளிபரப்பைக் கண்காணிக்கிற எஃப்சிசி ஆணையம் 1996 டிசம்பரில் டிஜிட்டலுக்கே கையெழுத்துப் போட்டுச்சு.

ஜெலுத்தோங் ரிப்பேர்காரர்:
ஆனாலும் ஜப்பான்காரன் மியூஸை 2007 வரைக்கும் விடலையே லா! காசு கொடுத்து வாங்கின டிவியை எவன் தூக்கிப் போடுவான்?

பாயான்லெப்பாஸ் பையன்:
அப்பாகிட்ட கேட்டேன். கொஞ்சம் யோசிச்சார். "ஆமாடா, குந்தித்தான் இருந்தான். பாயுறதுக்குள்ளே சூப்பர்வைசர் கூப்பிட்டுட்டார், போயிட்டேன்."