ஊரிலிருந்து வந்ததிலிருந்து பசங்க தூங்கவே மாட்டேன் என்கிறார்கள், அவசரம்!!

ரெட்டைவால்_அம்மா:
யாராவது உடனே சொல்லுங்கள். லீவு முடிந்து ஊரிலிருந்து வந்துவிட்டோம். வந்ததிலிருந்து இரண்டும் தூங்குவதில்லை. நடுராத்திரி வரை கட்டிலில் குதிக்கிறார்கள், அதட்டினால் சிரிக்கிறார்கள். காலையில் தூக்கி உட்கார வைத்தாலும் கண் திறப்பதில்லை. அடுத்த வாரம் ஸ்கூல். அவர் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார், நான் நடைபிணம் மாதிரி திரிகிறேன். என்ன செய்வது?

கோவைக்_குமரன்:
என்ன வயது? மதியத் தூக்கம் உண்டா? ஊரில் எத்தனை மணிக்குப் படுத்தார்கள்? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

சுந்தரி அக்கா:
எல்லா வீட்டிலும் நடப்பதுதான் தங்கம். தாத்தா பாட்டி வீட்டில் யார் குழந்தையை ஒன்பது மணிக்குப் படுக்கச் சொல்வார்கள்? நல்லெண்ணெய் காய்ச்சி உச்சந்தலையில் வைத்து, வெந்நீர் ஊற்றுங்கள். ராத்திரி ரசஞ்சாதம் போதும். சின்னதற்கு ஜாதிக்காயைப் பாலில் ஒரே ஒரு இழைப்பு இழைத்துக் கொடுங்கள், அடித்துப் போட்ட மாதிரி தூங்கும்.

பழைய_புலி:
மே முடிந்ததும் ஒரு முறை, பொங்கல் முடிந்ததும் ஒரு முறை இதே கேள்வி வரும். மேலே தேடல் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. பிள்ளை ராத்திரி தூங்கவில்லை என்றால் காலையில் நீங்கள் எழுப்பவில்லை என்று அர்த்தம். ஆறு மணிக்குத் திரையை விலக்குங்கள், முகத்தில் வெயில் படட்டும். மூன்றே நாள். என் பையன்கள் இரண்டு பேரும் இப்படி வளர்ந்தவர்கள்தான்.

மருந்துக்கடை_மீனா:
சுந்தரி அக்கா, மன்னியுங்கள், ஜாதிக்காய் வேண்டாம். அதில் மிரிஸ்டிசின் என்று ஒன்று இருக்கிறது. காய்க்குக் காய் வீரியம் மாறும், கல்லில் இழைப்பதில் அளவும் தெரியாது. கூடிவிட்டால் வாந்தி, படபடப்பு, வலிப்பு வரை போகும். அடித்துப் போட்ட மாதிரி கிடப்பதைத் தூக்கம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

சுந்தரி அக்கா:
ஜாதிக்காய், மாசிக்காய், வசம்பு எல்லாம் இழைத்து உரைமருந்து கொடுத்து என் மாமியார் ஐந்து பிள்ளை வளர்த்தார். ஐந்தும் இன்று நன்றாகத்தான் இருக்கின்றன. இப்போதுதான் எல்லாம் விஷமாகிவிட்டது.

மருந்துக்கடை_மீனா:
ஐந்தும் நன்றாக இருப்பதில் சந்தோஷம் அக்கா. எதுவும் ஆகாத பிள்ளைகளைப் பற்றித்தான் நாம் கதை சொல்வோம்.

தஞ்சை_நிலா:
இங்கே மருந்துக்கடைக்காரர் சொன்னால் வேதம், பாட்டி சொன்னால் மூடநம்பிக்கை. சரி, பயணத்துக்கு முன் குழந்தைக்குச் சளி மருந்து ஊற்றித் தூங்க வைக்கிறார்களே, அதைப் பற்றி யாரும் பேச மாட்டீர்கள்.

மருந்துக்கடை_மீனா:
பேசுகிறேனே. அதுவும் கூடாது. சில குழந்தைகளுக்கு அது தூக்கத்தைக் கெடுத்து ஆட்டத்தைக் கூட்டும், விமானத்தில் அந்தக் கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கோவைக்_குமரன்:
கேட்டவரை விட்டுவிட்டு எங்கேயோ போகிறோம். ரெட்டைவால் அம்மா, வயது?

ரெட்டைவால்_அம்மா:
பெரியவனுக்கு ஐந்து, சின்னவளுக்கு ஒன்றரை. மதியம் தூங்க வைப்பதில்லை, ஆனால் சாயங்காலம் ஆறரைக்கு சோபாவிலேயே விழுந்துவிடுகிறார்கள், எழும்போது எட்டரை. ராத்திரி ஒரு மணிக்குப் பெரியவன் தோசை கேட்கிறான். தின்றுவிட்டுத்தான் அடங்குகிறான். ஆறு மணிக்குத் திரையை விலக்கிப் பார்த்தேன், இன்னும் மோசம்.

ஆந்தை:
ஒரு மணிக்குத் தோசையா? நீங்கள் தமிழ்நாட்டில் இல்லை. எந்த நாடு?

ரெட்டைவால்_அம்மா:
மெல்பர்ன். ஊர் மதுரை. நான் இங்கேதான் என்று எல்லாருக்கும் தெரியுமே?

நியூஜெர்சி_அப்பா:
ஓ, அப்படியா! எங்களுக்கு நேர் எதிர். சாயங்காலம் ஐந்துக்கே சாய்ந்துவிடும், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ரயில் வண்டி ஓட்டும். ஒரு வாரம் நாங்களும் கூடவே ஓட்டினோம், தானாகச் சரியாகிவிட்டது.

ஆந்தை:
திசைதான் விஷயம். ஜனவரியில் மெல்பர்ன் நம் ஊரைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். உங்கள் ராத்திரி ஒரு மணி, மதுரையில் மாலை ஏழரை. பையன் அடம் பிடிக்கவில்லை, பாட்டி தோசை வார்க்கிற நேரத்துக்குத் தோசை கேட்கிறான். ஆறரை மணி சோபா தூக்கம், மதுரையின் மதிய ஒரு மணித் தூக்கம். கிழக்கே வந்தால் சீக்கிரம் தூங்கப் பழக வேண்டும், உடம்புக்கு அது கஷ்டம். தாமதமாகத் தூங்குவது சுலபம், அதனால்தான் மேற்கே போனவர்கள் எளிதாகப் பேசுகிறார்கள்.

வெயில் நல்லதுதான், ஆனால் நேரம் பார்த்துக் காட்ட வேண்டும். வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்பு உடம்புக் கடிகாரத்துக்கு ஒரு திருப்பம் உண்டு. அதற்குப் பின் வெளிச்சம் பட்டால் தூக்கம் முன்னால் நகரும். அதற்கு முன் பட்டால் இன்னும் தள்ளிப் போகும். மதுரையில் ஏழுக்கு எழுந்தவன் என்றால் அந்தத் திருப்பம் உங்கள் ஊர்க் காலை ஒன்பதரை, பத்து வாக்கில் வருகிறது. ஆறு மணி வெயில் என்பது மதுரையில் ராத்திரி பன்னிரண்டரைக்கு முகத்துக்கு நேரே டியூப்லைட் போட்ட மாதிரி. அதனால்தான் மோசமாயிற்று.

இன்று ஒன்பதரை வரை அறை இருட்டாக இருக்கட்டும். எழுப்பியதும் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள், நல்ல வெயில், தொப்பியோடு. அடுத்தடுத்த நாள் முக்கால் மணி, ஒரு மணி நேரமாக முன்னே கொண்டுவாருங்கள். மெல்பர்னில் இப்போது எட்டரை வரை வெளிச்சம், ஏழுக்கே திரையை இழுத்துவிடுங்கள், தொலைக்காட்சி வேண்டாம். சின்னவளை மதியச் சாப்பாடு முடிந்ததும் படுக்க வைத்து மூன்றுக்குள் எழுப்புங்கள். பெரியவனை ஆறரைக்கு சோபா பக்கமே விடாமல் தண்ணீரில் விளையாட விடுங்கள். ராத்திரி பசித்தால் மங்கிய வெளிச்சத்தில் ஒரு வாழைப்பழம். அடுப்பு பற்ற வைத்தால் அவனுக்கு அது சாயங்காலம்.

பழைய_புலி:
வெயில் என்றுதானே நானும் சொன்னேன். ஆறு, ஒன்பது எல்லாம் பெற்றோர் சோம்பலுக்கு ஏற்ற கணக்கு.

ஆந்தை:
உங்கள் பையன்கள் ஐந்தரை மணி நேரம் தாண்டி விமானத்தில் வந்தார்களா?

பழைய_புலி:
பேருந்தில் வந்தார்கள். தூங்கினார்கள்.

ஈப்போ_செல்வி:
மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனை ஜெல்லி வடிவில் கொடுத்தால் ஒரே நாளில் முடியாதா? அமெரிக்காவில் மிட்டாய் மாதிரி கிடைக்கிறதே.

மருந்துக்கடை_மீனா:
ஆஸ்திரேலியாவில் குழந்தைகளுக்கு மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடையாது. ஒரு வாரத்தில் போய்விடும் தொல்லைக்கு அது தேவையும் இல்லை.

கோவைக்_குமரன்:
பெரியவன் பிரெப்பா, அதாவது பள்ளியின் முதல் வருடமா? அங்கே பல பள்ளிகளில் பிப்ரவரியில் பிரெப் பிள்ளைகளுக்குப் புதன்கிழமை வகுப்பு இல்லை என்று என் தங்கை சொல்வாள். பள்ளியில் கேட்டுப் பாருங்கள், நடுவாரத்தில் ஒரு மூச்சு கிடைக்கும். ஆனால் அன்றும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள்.

சுந்தரி அக்கா:
ஜாதிக்காயை விடுங்கள். எண்ணெய் தேய்க்கலாமா, அதற்கும் ஆராய்ச்சி வேண்டுமா?

மருந்துக்கடை_மீனா:
தாராளமாக அக்கா. வெந்நீர்க் குளியல் படுக்கும் முன் நல்லதுதான்.

ரெட்டைவால்_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. பெரியவன் நேற்று பத்துக்கு முன்னால் தூங்கிவிட்டான். சின்னவள் இன்னும் மதுரையில்தான் இருக்கிறாள். புதன் லீவு உண்டாம். அப்புறம் வருகிறேன், யூனிபார்முக்குப் பெயர் தைக்க வேண்டும்.

நியூஜெர்சி_அப்பா:
ஆந்தை, நாங்கள் கோடையில் மறுபடி ஊருக்குப் போகிறோம். எங்களுக்கும் இப்படி ஒரு கணக்குப் போட்டுத் தர முடியுமா?

பழைய_புலி:
புது இழை தொடங்குங்கள். தலைப்பில் நாட்டின் பெயரைப் போடுங்கள்.