மிச்சிகன் அட்டர்னி ஜெனரல் தேர்தல்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். 2026 நவம்பர் 3 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) தேர்தல். இந்தப் பதவியில் இருக்கும் டானா நெஸல் 2018, 2022 என இரண்டு முறை வென்றுவிட்டதால் மறுபடி நிற்க முடியாது, புதியவர்தான் வருவார். கவர்னர் தேர்தல் சத்தத்தில் இதை யாருமே பேசுவதில்லை. கரண்ட் கட்டணத்தை உயர்த்தும்போது மக்கள் பக்கம் நின்று வாதாடுவது இந்த அலுவலகம்தானே!

அப்பாவும் அம்மாவும் முதல் தடவையாக ஓட்டுப் போடப் போகிறார்கள். வாக்குச்சீட்டின் மேலே கட்சிக்கு நேரே ஒரு வட்டத்தை நிரப்பினால், கட்சி சார்ந்த எல்லாப் பதவிக்கும் சேர்த்து ஓட்டு விழுந்துவிடும். அவர்களுக்கு ஆளைப் பார்த்துப் போட ஆசை. இந்தப் பதவிக்கு பிரைமரி (கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல்) கிடையாது, வேட்பாளரைக் கட்சி மாநாடுதான் முடிவு செய்கிறது. மாநாட்டுக்குப் போனவர்கள் இங்கே இருக்கிறீர்களா? வேட்பாளர்கள் நடத்திய பழைய வழக்குகளை எங்கே படிக்கலாம்? தமிழில் குறிப்பு இருந்தால் ரொம்ப நல்லது, அப்பாவிடம் அப்படியே கொடுத்துவிடுவேன்.