நாள் முழுக்க ஓடும் லேப்டாப், மதியமானால் தோசைக்கல் மாதிரி சுடுகிறது: என்ன செய்யலாம்?

நூல்கண்டு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேட்டர்ன் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பது மணிக்குத் திறந்தால் இரவு எட்டு வரை லேப்டாப் ஓடிக்கொண்டே இருக்கும், சார்ஜரைக் கழற்றுவதே இல்லை. வாங்கி மூன்றரை வருடம் ஆகிறது, 11ஆம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம். என் அறை மாடியில், சிமென்ட் ஷீட் கூரை. கீழே கட்டிங், ஓவர்லாக் எல்லாம் ஓடுகிறது.

மார்ச் மாதத்திலிருந்து ஃபேன் சத்தம் தாங்க முடியவில்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் மார்க்கர் (துணியில் பேட்டர்ன்களை அடுக்கும் வரைபடம்) போடும்போது மவுஸ் நகர்வதே இழுத்து இழுத்துத்தான் வருகிறது. ஹெச்டபிள்யூ மானிட்டர் என்ற, சூட்டைக் காட்டும் சாஃப்ட்வேரில் பார்த்தால் பிராசஸர் 96, 98 டிகிரி. 900 ரூபாய்க்கு ஒரு கூலிங் பேட் வாங்கி வைத்தேன், மூன்று டிகிரி குறைந்தது, அவ்வளவுதான். கடையில் காட்டியபோது மதர்போர்டு போகப்போகிறது, புதுசு வாங்கிவிடுங்கள் என்று திறந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார்கள். இப்போதைக்குப் புதுசு வாங்கும் நிலையில் இல்லை. இந்தச் சூட்டில் உள்ளே ஏதாவது கெட்டுப்போகுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஸ்க்ரூடிரைவர் எழுதியது:

கோவையில் 12 வருடமாக லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது கூரையோ பிராசஸரோ இல்லை, கீழே ஓவர்லாக் ஓடுகிறது என்ற வரிதான். பனியன் கம்பெனி லேப்டாப் எத்தனையோ திறந்திருக்கிறேன், பாதிக்கு மேல் ஒரே கதை.

ஃபேன் அடியிலிருந்து காற்றை இழுத்து, பக்கத்தில் அல்லது பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டு வரிசை வழியாக வெளியே தள்ளுகிறது. சாதாரண வீட்டுத் தூசி என்றால் அதில் பாதி அந்த இடுக்கு வழியாகப் போய்விடும். பருத்திப் பஞ்சு போகாது. தகட்டின் உள்பக்கத்தில் ஒட்டி, ஒன்றோடொன்று பின்னி, கொஞ்ச நாளில் கம்பளித் துணி மாதிரி ஒரு படலமாகிவிடும். வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும், ஏனென்றால் அடைப்பு ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஃபேன் முழு வேகத்தில் கத்துகிறது, ஆனால் வெளியேறும் இடத்தில் கை வைத்தால் காற்றே வருவதில்லை என்றால் அதுதான். வழி அடைத்திருக்கும்போது அடியில் எத்தனை கூலிங் பேட் வைத்தாலும் பயன் இல்லை.

வாரண்டி முடிந்திருக்கும் என்பதால் நீங்களே திறக்கலாம். ஆஃப் செய்து, சார்ஜரைக் கழற்றி, பின் மூடியை எடுத்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரை விடுவியுங்கள். அப்புறம் ஃபேனை மட்டும் கழற்றுங்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று ஸ்க்ரூதான். அந்தப் படலத்தை இடுக்கியால் பிடித்து உரியுங்கள், முழுசாக வந்துவிடும். மிச்சத்துக்கு உலர்ந்த பெயிண்ட் பிரஷ் போதும். வெளியிலிருந்து பிளோயர் அடிக்க வேண்டாம், படலம் உள்ளே போய் ஃபேனில் சிக்கும். பிளோயர் அடித்தே ஆக வேண்டும் என்றால் ஃபேன் சுற்றாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டு வாக்யூம் கிளீனரைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது, நிலைமின்சாரத்தில் போர்டு போய்விடலாம்.

பிராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் உலோகப் பாகமான ஹீட் சிங்க்கைக் கழற்றினால் மட்டும், இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்ற வேண்டும். பழையதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, அரிசி அளவு புதுசு வைத்து, ஸ்க்ரூ பக்கத்தில் 1, 2, 3, 4 என்று போட்டிருக்கும் வரிசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். முதலில் பஞ்சை எடுத்துப் பாருங்கள், பேஸ்ட் பிறகு.

மொட்டைமாடி எழுதியது:

மேலே சொன்னதோடு ஒரு செட்டிங். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட் என்பதை 100இலிருந்து 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம் தானே என்று நினைக்க வேண்டாம், அதில் டர்போ, அதாவது பிராசஸர் தேவைப்படும்போது வழக்கத்தைவிட வேகமாக ஓடுவது, நின்றுவிடும். உதாரணத்துக்கு ஐ5 1135ஜி7 என்றால் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை பாய்வது 2.4 பக்கம் அடங்கும். வேகம் கூடக்கூட வோல்டேஜும் கூட வேண்டும், மின்செலவு வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப ஏறும், அதனால் கொஞ்சம் வேகத்தை விட்டால் நிறைய சூடு குறையும். சில லேப்டாப்பில் இந்த செட்டிங் மறைந்திருக்கும், அப்போது பவர் மோடை பெஸ்ட் பவர் எஃபிஷியன்ஸிக்கு மாற்றினாலே ஓரளவு பலன் உண்டு.

டாஸ்க் மேனேஜரையும் திறந்து, எதுவும் செய்யாதபோது சிபியு எத்தனை சதவீதம் ஓடுகிறது என்று பாருங்கள். எனக்கு மாதக்கணக்கில் தொல்லை கொடுத்தது பிரவுசரில் மூடாமல் விட்ட ஒரு வீடியோ டேப்.

அப்புறம், அவசரத்துக்கு அடியில் ஐஸ் பேக் வைத்தால் என்ன?

ஸ்க்ரூடிரைவர் எழுதியது:

மொட்டைமாடி, ஐஸ் வேண்டவே வேண்டாம். செம்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வெளியே வியர்ப்பது மாதிரி போர்டில் நீர் கோக்கும். 99 சொன்னது நல்ல யோசனைதான், ஆனால் பஞ்சை எடுத்த பிறகு செய்யட்டும், இல்லாவிட்டால் நோயை மூடி வைத்த மாதிரி ஆகும்.

தாழ்வாரம் எழுதியது:

அண்ணா, பிராசஸரைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், அது 100 டிகிரியை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும், மவுஸ் இழுப்பது அதனால்தான். பேட்டரிக்கு அப்படித் தப்பிக்க வழி கிடையாது. லித்தியம் அயான் பேட்டரி முழு சார்ஜிலேயே சூட்டில் கிடந்தால் சீக்கிரம் கெடும், நீங்கள் செய்வது சரியாக அதுதான். பல லேப்டாப்புகளை 35 டிகிரி அறைச் சூடு வரைக்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள், மே மாதம் ஷீட் கூரைக்குக் கீழே அது எந்த மூலை?

என்னுடையதில் டச்பேட் ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருந்தது, கிளிக் சரியாக விழவில்லை. டச்பேட் ரிப்பேர் என்று நினைத்து இரண்டு மாதம் ஓட்டிவிட்டேன். திறந்து பார்த்தால் பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது. இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது, பக்கத்தில்தான் குழந்தை தூங்கும். நீங்கள் திறக்கும்போது பேட்டரியைக் கட்டாயம் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்திவிடாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள், மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். நன்றாக இருந்தால் லேப்டாப் கம்பெனியின் ஆப்பிலோ பயாஸிலோ (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங்) சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறதா பாருங்கள்.

நூல்கண்டு எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை திறந்துவிட்டேன். ஸ்க்ரூடிரைவர் அண்ணா சொன்னது அப்படியே இருந்தது, சாம்பல் நிறத்தில் ஒரு விரல் நீளத்துக்குத் துணித் துண்டு மாதிரி உரிந்து வந்தது, அதில் சிவப்பு நூல்கூட இருந்தது, போன வருட ஆர்டருடையது. பேஸ்ட்டைத் தொடவில்லை. இன்று அதே நேரம், அதே வேலை, 81 டிகிரி. 99 வைத்த பிறகு 70ஐத் தாண்டவில்லை, மார்க்கர் போடக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது, பரவாயில்லை. பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடி வைத்துத் தூக்கியிருக்கிறேன், கூலிங் பேடைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன்.

பேட்டரி உப்பவில்லை, ஆனால் ஒரு ஓரம் மட்டும் தொட்டால் மெத்தென்று இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. போட்டோ எடுத்துப் போடுகிறேன். அது வரை அதைக் கழற்றிவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டலாமா, ஸ்க்ரூடிரைவர் அண்ணா?

ஸ்க்ரூடிரைவர் எழுதியது:

உங்கள் மாடல் பேட்டரி இல்லாமல் ஆன் ஆகிறதென்றால் தாராளமாக ஓட்டலாம், கரண்ட் போனால் வேலை போய்விடும் என்பதால் அடிக்கடி சேவ் செய்துகொள்ளுங்கள். மெத்தென்று இருந்தால் நான் போட்டோவுக்குக் காத்திருக்க மாட்டேன், இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.