2,14,74,83,647: இந்த எண்ணை எது வகுக்கும்?

கீழமாசி வீதி கணக்கர்:
மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடை ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். போன வாரம் கடைக் கம்ப்யூட்டர் ஒரு பில்லில் மொத்தத் தொகையாக 2,14,74,83,647 என்று காட்டியது. மூன்று மூட்டை துவரம்பருப்புக்கு 214 கோடி ரூபாய்! பழுதுபார்க்க வந்த தம்பி, "அந்தக் கட்டத்தில் இதற்குமேல் எண் கொள்ளாது ஐயா" என்று சொல்லி, சரிசெய்துவிட்டுப் போனார். எனக்குத்தான் அந்த எண் மனதைவிட்டுப் போகவில்லை. பழைய பேரேட்டின் பின்பக்கத்தில் 97 வரையுள்ள பகா எண்கள் அத்தனையாலும் வகுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் மீதி நிற்கிறது. இது பகா எண்தானா? இன்னும் எதுவரை வகுக்க வேண்டும்?

திருமங்கலம் ஆசிரியர்:
பகா எண்தான் ஐயா. 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்தால் இது வரும். மெர்சென் பகா எண் என்பார்கள். (பெருக்கும் இரண்டுகளின் எண்ணிக்கை, அதாவது அடுக்கு, பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. 11 இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்தால் 2047. அது 23 × 89.)

இதன் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்தால் போதும்; அது 46,340-ஐச் சற்றே தாண்டும். அதற்குள் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள் உண்டு. கணித மேதை ஆய்லர் 1772-இல், பார்வை ஏறக்குறைய முழுதும் போன நிலையில், இதைப் பகா எண் என்று நிறுவினார். எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். அவருக்குக் கைகொடுத்தது இதுதான்: 'ப' என்ற பகா எண் இதை வகுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் ப-ஆல் வகுத்து மீதியைக் குறியுங்கள். 31-ஆவது இடத்தில் மீதி 1. பிறகு அதே வரிசை சுற்றிச் சுற்றி வரும். 31 பகா எண் என்பதால் அதற்குமுன் 1 வராது. ஃபெர்மாவின் விதிப்படி (ப − 1)-ஆவது இடத்திலும் மீதி 1. ஆக, ப − 1 என்பது 31-இன் மடங்கு. ப ஒற்றைப்படை, எனவே ப − 1 இரட்டைப்படை; ஆகவே அது 62-இன் மடங்கு.

மேலூர் கல்லூரி மாணவி:
இன்னும் சுருக்கலாம் ஐயா. அந்த வகுத்தியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தான் வரும். இரண்டையும் சேர்த்தால், 248-இன் மடங்குடன் 1 அல்லது 63 கூட்டிய எண்களே மிஞ்சும். 63 பகா எண் அல்ல. அதை விட்டால் 46,340-க்குள் 372 எண்கள். அவற்றிலும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். முதலாவது 311.

கீழமாசி வீதி கணக்கர்:
ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நீ நன்றாக இருக்க வேண்டும் அம்மா. நேற்று இரவு கடையடைத்த பிறகு பேரேட்டை விரித்துவிட்டேன். 311-ஆல் வகுத்தால் ஈவு 69,05,092, மீதி 35. திருப்பிப் பெருக்கிக் கூட்டினேன்; எண் அப்படியே வந்தது. 1303-க்கு மீதி 226. 1489-க்கு 199. அடுத்து வரிசையில் 2047 வந்ததும் ஐயா சொன்ன 23 × 89 நினைவுக்கு வந்து, அதை அடித்துவிட்டேன். இன்று இரவு 2543.