லைன் ஃபாலோயர் (கோட்டைப் பார்த்துப் போற குட்டி ரோபோ வண்டி) இடப்பக்கமே சுத்துச்சு. உங்க சென்சார் வயரிங் கதையையும் சொல்லுங்க

கறுப்புக்கோடு:
போன மாசம் ஒரு காலேஜ் சிம்போசியம். வெள்ளை ஃபிளெக்ஸில் கறுப்புக் கோடு, மூளையா ஆர்டுயினோ நானோ போர்டு, கோட்டைப் பார்க்க அஞ்சு டிசிஆர்டி5000 (தன்னோட எல்இடி விடற அகச்சிவப்பு வெளிச்சம் தரையில பட்டுத் திரும்பறதைப் பார்க்கற சென்சார்). மாட்யூல் இல்ல, வெறும் சென்சாரை வாங்கி நாங்களே ஒவ்வொண்ணுக்கும் வயர் இழுத்தது. முந்தின ராத்திரி ஹாஸ்டலில் சமர்த்தா ஓடினது, ட்ராக்கில் ரெண்டடி போனதும் இடப்பக்கம் சுத்த ஆரம்பிச்சுது. வண்டியைக் கோட்டுக்குத் திருப்பற பிஐடி கணக்கு மேல பழியைப் போட்டு, எவ்வளவு வேகமா திரும்பணும்னு சொல்ற கேபி எண்ணைக் கூட்டினோம், குறைச்சோம். ஒரு மணி நேரம் போச்சு.

அப்புறம்தான் சென்சார் எண்களைக் கம்ப்யூட்டரில் காட்டற சீரியல் மானிட்டர் ஞாபகம் வந்துச்சு. வெள்ளையில வெச்சா அஞ்சும் 80, 90. வண்டியை லேசா உலுக்கினா இடது ஓரம் மட்டும் 980க்குத் தாவுது. எங்க சர்க்யூட்டில் வெளிச்சம் திரும்பி வரலைன்னா எண் ஏறும், அதாவது கறுப்பு. எல்இடி அணைஞ்சாலும் அதே கதைதான். பாவம், இல்லாத கோட்டைத் தேடி வண்டி இடப்பக்கம் போயிருக்கு.

செல்ஃபோன் முன் கேமராவை அடியில் காட்டினோம். நாலு எல்இடி வெளிறின ஊதாவா எரியுது, ஓரத்தில் இருக்கறது வயரை ஆட்ட ஆட்ட மினுங்கி அணையுது. ஜம்பர் வயரை வெளியிலிருந்து பார்த்தா புதுசு மாதிரி இருக்கு. பின்னோட சேர்ற முனைகிட்ட மடிச்சா துவண்டு விழுது: உள்ளே செம்பு அறுந்து, மேல்தோல் மட்டும் பிடிச்சிட்டிருக்கு. வேற வயரை நேரா சால்டர் பண்ணோம். அடுத்த சுற்றில் ட்ராக்கை முடிச்சிடுச்சு. பரிசெல்லாம் கேக்காதீங்க.

ஈயப்பற்று:
எனக்குக் கேமராவும் கைகொடுக்கல ப்ரோ. எல்இடி எல்லாம் எரியுது. நானோவோட ஏ3 பின்னுக்கு வர்ற வயர் கழன்று கிடந்தது அப்போ தெரியல, ஏன்னா ஏ3க்கு எண் வந்துட்டே இருக்கு! ஏ2 ஏறினா அதுவும் ஏறும். ரெண்டும் ஷார்ட்னு நினைச்சு போர்டையே சுரண்டினேன். நானோவில் ஏடிசி (வோல்டேஜை எண்ணா மாத்தற பகுதி) ஒண்ணுதான், பின்னை மாத்தி மாத்திப் படிக்குது. எதுலயும் சேராம தொங்கற பின்னைப் படிச்சா முந்தின பின்னோட வோல்டேஜ்தான் மிச்சமா நிக்கும். அந்தப் பின்னுக்கு உள் புல்-அப் (பின்னை 5 வோல்ட் பக்கம் இழுக்கற, சிப்புக்குள்ளயே இருக்கற ரெசிஸ்டர்) போட்டேன். வெள்ளையில வெச்சும் 1020ஐ விட்டு இறங்கல. அப்பத்தான் வயர்னு புரிஞ்சுது.

பழைய சீனியர்:
தம்பி, ஒரு சென்சார் மட்டும் தாவினா வயர். மோட்டார் ஓடும்போது எல்லாம் சேர்ந்து ஆடினா கிரவுண்டை, அதாவது மைனஸ் வயரைப் பாருங்க. நாங்க சென்சார் கிரவுண்டை மோட்டார் டிரைவர் பக்கமிருந்து மெல்லிசு வயரில் எடுத்திருந்தோம். மோட்டார் ஓடறப்போ சென்சார் கிரவுண்டுக்கும் நானோ கிரவுண்டுக்கும் நடுவுல மல்டிமீட்டரில் 0.3 வோல்ட். 5 வோல்ட்டுக்கு 1024 படின்னா, அதுவே 60 படி. சென்சாரிலிருந்து நானோவுக்குத் தனி கிரவுண்டு வயர் இழுத்ததும் ஆட்டம் அடங்குச்சு. யூஎஸ்பியில் வெச்சு டெஸ்ட் பண்ணா இது மாட்டவே மாட்டாது, மோட்டார்தான் ஓடலையே.

கறுப்புக்கோடு:
அண்ணா, எங்களுதும் எல்298என் மோட்டார் டிரைவர் பக்கத்துல இருந்துதான் கிரவுண்டு. ராத்திரி அளந்துட்டு வந்து சொல்றேன்.