எக்கோவாஸை விட்டுப் போய் சாஹேல் நாடுகளுக்கு என்ன கிடைத்தது?

குற்றாலச்சாரல்:
2025 நவம்பரில் மாலிக்கு மின்சாரத் திட்ட வேலைக்குப் போன தமிழ்நாட்டுக்காரர்கள் ஐந்து பேரைக் கடத்தினார்களே, அதற்கப்புறம்தான் அந்தப் பகுதியைப் பற்றிப் படிக்கிறேன். சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கிற சாஹேல் நாடுகளான மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் அதே வருடம் ஜனவரியில் எக்கோவாஸ் என்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பிலிருந்து வெளியேறியிருக்கின்றன. தீவிரவாதிகள் எல்லை பார்க்காமல் அடிக்கும்போது அண்டை நாடுகளை ஏன் உதறுகிறார்கள்?

பாலைக்காற்று:
கோபம்தான். 2023 ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் எக்கோவாஸ் எல்லையை மூடியது, பணப் பரிமாற்றத்தை நிறுத்தியது, படை அனுப்புவோம் என்று மிரட்டியது, நைஜீரியா கரண்டையே வெட்டியது. 2017-இல் காம்பியாவில் தேர்தலில் தோற்றும் பதவியை விடாத அதிபர் ஜம்மேயைப் படையைக் காட்டித்தான் கிளப்பினார்கள், ஆனால் துக்குணூண்டு காம்பியா எங்கே, அவ்வளவு பெரிய நைஜர் எங்கே? பக்கத்து ராணுவ அரசுகளான மாலியும் புர்கினாவும் நைஜர் பக்கம் நின்று செப்டம்பரில் தனிக் கூட்டணி போட்டுக்கொண்டன.

மோகன்_திருச்சி:
எக்கோவாஸில் இருந்தபோது மட்டும் என்ன கிழித்தார்கள்? லிபியாவில் கடாபி ஆட்சி விழுந்து அங்கிருந்த ஆயுதங்கள் மாலிக்கு வந்து 2012-இல் வடக்கு மாலி கிளர்ச்சிக்காரர்கள், தீவிரவாதிகள் கைக்குப் போனது, 2013-இல் பிரான்ஸ் வந்தது, ஐ.நா. படையும் வந்தது, 2023 முடிவதற்குள் இரண்டும் போய்விட்டன, நடுவில் வாக்னர் என்ற ரஷ்யக் கூலிப்படை ஆட்கள் வேறு. வன்முறை மட்டும் நடு மாலிக்கும் புர்கினாவுக்கும் இறங்கிக்கொண்டே இருந்தது. ஃபுலானி மேய்ப்பர்களுக்கும் டோகோன் விவசாயிகளுக்கும் நிலம், தண்ணீர் தகராறு வந்தால் தீர்த்துவைக்க ஒரு தாசில்தார்கூட இல்லாத இடம் சார் அது. அங்கே அல்-கொய்தாவைச் சேர்ந்த ஜேஎன்ஐஎம் தீவிரவாதக் குழு வந்து பஞ்சாயத்து பண்ணுகிறது, உடனே ராணுவம் ஃபுலானி என்றாலே சந்தேகப்படுகிறது, ஃபுலானிப் பையன்கள் இன்னும் வேகமாக ஜேஎன்ஐஎம் பக்கம் போகிறார்கள். 2019 மார்ச்சில் ஒகோசாகு என்ற ஃபுலானி கிராமத்தில் ஒரே நாளில் 150 பேருக்கு மேல் கொன்றார்கள், செய்தது டோகோன் ஆயுதக் குழு என்று சந்தேகம். எந்தக் கூட்டணியில் இருந்தாலும் இது அப்படியேதான் இருக்கும்.

குற்றாலச்சாரல்:
அப்போ வெளியேறியதால் நஷ்டமே இல்லை என்கிறீர்களா?

பாலைக்காற்று:
மோகன் சொல்வது பாதி சரி. ஆனால் மூன்றுக்கும் கடலே கிடையாதே. மாலிக்கு எரிபொருள் செனகலின் டக்கார், ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் துறைமுகங்களிலிருந்து லாரியில் வர வேண்டும், இரண்டும் எக்கோவாஸ் நாடுகள். 2025 செப்டம்பரிலிருந்து ஜேஎன்ஐஎம் அந்த டேங்கர்களைக் கொளுத்த ஆரம்பித்ததும் மாலியின் தலைநகர் பமாகோவில் பெட்ரோல் கிடைக்காமல் நாடு முழுக்கப் பள்ளிகளை இரண்டு வாரம் மூடினார்கள். தெற்கே இருக்கிற பெனின் நாட்டையும் பாருங்கள், 2025 ஏப்ரலில் புர்கினா, நைஜர் எல்லையை ஒட்டிய காட்டுப் பகுதியில் ஜேஎன்ஐஎம் தாக்கியதில் ஒரே நாளில் 54 பெனின் வீரர்கள் செத்தார்கள். நைஜர் அப்போதும் பெனின் எல்லையை மூடித்தான் வைத்திருந்தது, லாரிக்குத்தான் அது எல்லை, பைக்கில் வருகிற தீவிரவாதிக்கு இல்லை.