கோயா வரைந்த சிவப்பு உடுப்புச் சிறுவன்: விளக்கம் சொல்ல உதவுவீர்களா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கல்லடியில் உயர்தரச் சித்திரப் பாடம் படிக்கும் பிள்ளைகள் சிலருக்குப் பின்னேரங்களில் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த முறை எடுத்தது, ஸ்பானிய ஓவியர் கோயா 1787–88 அளவில் வரைந்த மனுவெல் ஒசோரியோ என்ற சிறுவனின் உருவப்படம். நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூன்று நாலு வயசுப் பிள்ளை. கையில் பிடித்த கயிற்றின் மறுமுனையில் ஒரு மாக்பை, காக்கை இனம்தான். அதன் அலகில் கோயாவின் பெயர் எழுதிய அட்டை. கோயாவுக்குக் குறும்பு கூட! ஒரு பக்கம் கூண்டுக்குள் சின்னக் குருவிகள். மற்றப் பக்கம் இருட்டுக்குள் பூனைகள், கண்ணெடுக்காமல் அந்தப் பறவையையே பார்க்கின்றன. பிள்ளைக்கு அது ஒன்றும் தெரியாது.

பறவை என்றால் ஆன்மா, கூண்டுக்குருவி என்றால் களங்கமின்மை, பூனை என்றால் காத்திருக்கும் ஆபத்து. இதுதான் பலரும் சொல்லும் விளக்கம். சிறுவன் 1792இல் இறந்துபோனது இதற்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் வரைந்தபோது அவன் உயிரோடுதானே இருந்தான்? பின்னால் வந்த சாவை நாம்தான் படத்துக்குள் திணிக்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு மாணவி வேறு கேட்டாள்: “நாங்களும் தும்பிக்கு நூல் கட்டி விளையாடினநாங்கதானே சேர், அதுக்கும் அர்த்தம் இருக்கா?”

சரி, உங்கள் வாசிப்பு என்ன? அந்தக் காலத்தில் பிள்ளைகளை வளர்ப்புப் பிராணிகளோடு வரைந்த வேறு ஓவியங்கள் தெரிந்தால் பெயரைச் சொல்லுங்கள், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டலாம். புதன்கிழமை வகுப்புக்கு முதல் கிடைத்தால் பெரிய உதவி.